இரண்டுக்கு ஒன்று

மூன்று நாட்களாகக் கணவரோடு முகம் கொடுத்துப் பேசாத ஒரு பெண், குளியலறை அளவே உள்ள ஓர் அறையில் அவர் பக்கத்து நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார நேர்ந்தால் என்ன செய்வாள்? பேசித்தான் ஆக வேண்டும். அதுவும் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகிற அறை அது. சண்டை போடவும் முடியாது.

அந்த அறை விமானத்தின் மூக்கில் இருந்தது. இடது நாற்காலி கேப்டனுக்கு, வலது நாற்காலி துணை விமானிக்கு. கேப்டன் அவள் கணவர். ‘நிதானம்’ என்று கம்பெனி முழுக்க அவருக்குப் பெயர். வீடு தீப்பிடித்தாலும் சட்டைப் பொத்தானைக் கடைசி வரை போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பார்கள். அவளுக்கு வைத்த பெயர் ‘மிளகாய்’. இருவருக்கும் காதல் என்று செய்தி பரவியபோது, விமானப் பணிப்பெண்களின் தலைவியான பெரியக்கா, “ஒண்ணு ஆறிப்போனது, ஒண்ணு எரியறது. ரெண்டும் சேர்ந்தா சாப்பிடற சூடுதான்” என்று வாழ்த்தினாள்.

கணவன் மனைவியை ஒரே விமானத்தில் போடுவதில்லை என்பது பணி முறை போடும் ரோஸ்டர் ஆபீஸின் எழுதாத வழக்கம். ஆனால் அன்று போக வேண்டிய கேப்டனுக்குக் காலையில் வயிற்றைக் கலக்கிவிட்டது. மாற்று ஆளாகக் காத்திருந்த பட்டியலில் முதலில் இருந்தவர் நிதானம்தான்.

“குட் மார்னிங், சார்,” என்றாள் அவள், காக்பிட்டுக்குள் நுழைந்ததும்.

அந்த ‘சார்’ எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். மூன்று நாட்களாக வீட்டிலும் அவர் சார்தான். “சார், சாதம் வேணுமா?” “சார், குளிச்சாச்சா?” ஏழு வயது மகள் குட்டிகூட, “அம்மா, அப்பா எந்த ஸ்கூல்ல சாரா இருக்காங்க?” என்று கேட்டுவிட்டாள்.

சண்டைக்குக் காரணம் ஒரு மெயில். ஏழு வருடமாக அவள் எதிர்பார்த்த கேப்டன் பதவி உயர்வு வந்திருந்தது. ஆனால் இரண்டு மணி நேரம் பறந்து போக வேண்டிய வேறொரு நகரத்தில் இரண்டு வருடம் இருக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு நான்கு நாள் வீடு. சம்மதமா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இவள் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும். முன்பு ஒருமுறை இதே வாய்ப்பு வந்தபோது குட்டி வயிற்றில் இருந்தாள். அப்போது சந்தோஷமாகவே விட்டுக்கொடுத்தாள். இம்முறை மனம் வரவில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் அவள் செய்தியைச் சொன்னதும் கணவர் வழக்கம்போலத் தண்ணீர் குடித்து, வாய் துடைத்து, “அடுத்த வருஷம் பாக்கலாமே” என்றார்.

அவள் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு இவர்களோடுதான் இருக்கிறார். மகள் ஓட்டுவதை இன்னமும் ‘வண்டி’ என்றுதான் சொல்வார்.

“மாப்பிள்ளை சொல்றதுதான் எனக்கும் சரின்னு படுதும்மா,” என்றார்.

“நீங்க யாரோட அப்பா?”

“அதை விடு. நீ போயிட்டா குட்டிக்கு யார் தலை பின்னுவா? எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும். சடை பிடிக்கத் தெரியாது. மாப்பிள்ளை அதுக்கும் மேல. போன மாசம் அவர் பின்னி விட்டதைப் பாத்து டீச்சர் போன் பண்ணிட்டாங்க.”

“தலை பின்றதுக்காக நான் கேப்டன் ஆகக் கூடாதா?”

“தலை மட்டுமா? ராத்திரி ஜுரம் வந்தா? அம்மா வேணும்னு அழுதா?”

அப்போதுதான் கணவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, கணக்கு சொல்லிக்கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். “பாரு, நாங்க ரெண்டு பேரும் தனித்தனியா யோசிச்சு ஒரே பதிலைத்தான் சொல்றோம். நீ மட்டும் வேற சொல்றே. அப்ப எது சரியா இருக்கும்?”

“சரிங்க சார்,” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள்தான். இன்று வரை சார்.

ஓடுபாதையில் மதியம் பன்னிரண்டரைக்கு விமானம் வேகம் பிடித்தது. வேகம் நூறைத் தொட்டதும் இருவரும் தங்கள் திரையைப் பார்த்து எண்ணைச் சரிபார்க்க வேண்டும். “நூறு,” என்றாள். “சரி,” என்றார். சக்கரங்கள் தரையை விட்டன. நூற்று அறுபத்து நான்கு பயணிகள் பின்னால். முன்னால் சாம்பல் மேகம். ஆயிரம் அடி கடப்பதற்குள் கண்ணாடியில் மழை அடிக்க ஆரம்பித்தது.

அன்று ஓட்டுவது அவர், கவனிப்பது அவள். தானியங்கி ஓட்டத்தைப் போட்டுவிட்டு அவர் முன்னாலிருந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாயிரம் அடி தாண்டும்போது அவள் கண் வேகத் திரையில் நின்றது. அவள் பக்கம் இருநூற்று நாற்பத்தாறு. பழக்கத்தில் பார்வை இடது பக்கம் ஓடியது. அவருடையதில் இருநூற்று அறுபது.

“கேப்டன், ஸ்பீட் ஒத்துப் போகல,” என்றாள். ‘சார்’ போய் ‘கேப்டன்’ வந்தது. இது வேலை.

விமானத்தின் முகத்தில் விரல் நீளத்துக்கு மூன்று குழல்கள் உண்டு. எதிர்க்காற்று அவற்றின் வாயில் மோதுகிற அழுத்தத்தை வைத்துத்தான் வேகம் தெரிகிறது. ஒன்று கேப்டனின் திரைக்கு; ஒன்று துணை விமானியின் திரைக்கு; மூன்றாவது, இருவருக்கும் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள, நடுவில் இருக்கும் சின்னத் திரைக்கு. வானத்தில் வேகம்தான் தரை. அது குறைந்தால் இறக்கை காற்றை விட்டுவிடும், விமானம் கல்லாகும்.

அவர் தன் திரையைப் பார்த்தார். இருநூற்று எழுபது. நடுத்திரையைப் பார்த்தார். அதுவும் இருநூற்று எழுபது. அவளுடையது இருநூற்று முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. அதே நொடியில் கணினியும் தீர்ப்புச் சொல்லிவிட்டது: மூன்றில் இரண்டு ஒத்துப்போவதால் வலப்பக்க எண்ணைத் தள்ளிவைத்தேன் என்று ஒரு மஞ்சள் வரி எரிந்தது.

“ரெண்டு ஒண்ணா இருக்கு,” என்றார் அவர். “உன்னோடதுதான் தப்பு போல.”

அவளுக்குக் காதுமடல் சூடானது. இதே குரல், இதே கணக்கு. வாயைத் திறந்தால் சாப்பாட்டு மேஜைச் சண்டையின் மிச்சம் மாதிரி இருக்குமோ என்று ஒரு கணம் நாக்கு தயங்கியது. அந்தத் தயக்கத்தைக் கண்டு அவளுக்கே பயம் வந்தது. ரோஷத்துக்கு இங்கே இடமில்லை. தன் எண்ணை அவள் நம்பவில்லை. அவர் எண்ணையும் நம்பவில்லை. வேக எண்களை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தாள்.

விமானத்தின் மூக்கு எட்டு டிகிரி மேலே தூக்கியிருந்தது. வேகம் கூடுகிறது என்று நம்பிய தானியங்கி அதைக் குறைக்க இன்னும் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது. ஒன்பது டிகிரி. எஞ்சின் சக்தி மாறவேயில்லை. ஓரத்தில், செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்லும் தரைவேகம் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

“கேப்டன், மூக்கு ஒன்பது டிகிரி. பவர் அதேதான். இவ்வளவு மூக்கைத் தூக்கி ஏறும்போது ஸ்பீட் எப்படிக் கூடும்? சேட்டிலைட் பாருங்க, குறையுது. நாம மெதுவாயிட்டிருக்கோம்.” பிறகு அழுத்திச் சொன்னாள்: “அந்த ரெண்டும்தான் தப்பு.”

அந்த நேரம் பார்த்து, அவர் பக்கத்து எண் வரம்பைத் தாண்டி, எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. ‘அதிக வேகம், அதிக வேகம்’ என்று தலைக்கு மேல் தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஓயாத சத்தம். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கை சக்தியைக் குறைக்கத்தான் போகும். குறைத்தால் முடிந்தது.

பதினோராயிரம் மணி நேரம் பறந்தவர் அவர். இரண்டு கருவியும் ஒரு கணினியும் ஓர் எச்சரிக்கை மணியும் அவர் கட்சியில் இருந்தன. எதிர்க்கட்சியில் ஒரே ஒரு பெண்.

அவர் கை எங்கும் போகவில்லை. மடியிலேயே இருந்தது. கண்கள் மட்டும் நகர்ந்தன: மூக்கு, சக்தி, சேட்டிலைட். ஒருமுறை மூச்சு வாங்கினார், ஒருமுறை விட்டார். வீட்டில் அவளை எரிச்சல்படுத்துகிற அதே நிதானம். ஒரே ஒரு மூச்சு நேரம்.

“நீ சொல்றதுதான் சரி,” என்றார். தானியங்கியைத் துண்டித்தார். “என் பக்கம் குருடு. கண்ட்ரோல் உன்கிட்ட.”

“கண்ட்ரோல் என்கிட்ட.”

கொடுப்பவர் சொல்ல வேண்டும், வாங்குபவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால் இருவரும் பிடித்திருப்பார்கள், அல்லது இருவருமே விட்டிருப்பார்கள். அவள் தன் பக்கத்து ஓட்டுப்பிடியைப் பற்றி மூக்கைக் கீழே அழுத்தினாள். அதிக வேகம் என்று மணி அலறிக்கொண்டிருக்கும்போது மூக்கைக் கீழே இறக்குவது, பிரேக் பிடிக்கவில்லை என்று கத்துகிற பஸ்ஸை இறக்கத்தில் விடுகிற மாதிரி. கை வேண்டாம் என்றது. அவள் கையைக் கேட்கவில்லை. எட்டு. ஏழு. ஆறு. அவள் எண் இருநூற்றுப் பதினொன்று வரை இறங்கி, நின்று, மனமில்லாமல் மேலே நகர்ந்தது.

“அஞ்சு டிகிரி, இந்தப் பவர். அங்கேயே வை,” என்றார் அவர், மடியில் விரித்த அட்டவணையிலிருந்து. எந்தக் கருவி பொய் சொன்னாலும், மூக்கும் சக்தியும் அட்டவணைப்படி இருந்தால் விமானம் பறக்கும். “அழகா இருக்கு. அப்படியே.”

பிறகு மணியை அடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு கணினிப் பெட்டி உண்டு; பொய் சொல்கிற இரண்டையும் அணைக்க வேண்டும். தவறுதலாக மூன்றாவதை அணைத்தால் இருவரும் குருடு. அவர் தலைக்கு மேலிருந்த பொத்தானில் விரலை வைத்தார், அழுத்தவில்லை.

“இடப்பக்கம். சரியா பாரு.”

அவள் நிமிர்ந்து விரல் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். “இடப்பக்கம். சரி.”

அழுத்தினார். விரல் நகர்ந்தது. “நடுவுல இருக்கறது.”

“நடுவுல. சரி.”

மணி நின்றது. மழை கண்ணாடியில் அடிக்கும் சத்தம் இப்போதுதான் கேட்டது. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. விரல் மட்டும் பொத்தானில் ஒரு நடுக்கம் இல்லாமல் நின்றதே, அதைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் கண்ணும் ஒத்துக்கொள்ளாமல் ஒரு பொத்தானைத் தொடாத மனிதர். கத்தவில்லை, பதறவில்லை, ‘நான் கேப்டன்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் கட்டுப்பாட்டு நிலையத்தைக் கூப்பிட்டு, வேகக் கருவிகள் இரண்டு பழுது, திரும்பி வருகிறோம், வழி விடுங்கள் என்றார். பிறகு பின்பக்கத் தொலைபேசியில், அன்று பணியில் இருந்த பெரியக்காவுக்குச் சொன்னார். பயணிகளுக்கான அறிவிப்பில் அவர் குரல், வீட்டில் குட்டிக்குக் கதை சொல்லும்போது எப்படியோ அப்படி இருந்தது.

பின்னால் ஒரு பெரியவர் பெரியக்காவை நிறுத்திக் கேட்டாராம். “எதையாவது மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்களா?”

“ஒரு கருவி சரியில்லைங்க. மாத்திக்கிட்டு வந்துடுவோம்.”

“ஓட்டறது யாரு? நல்லா ஓட்டுவாங்களா?”

“புருஷனும் பொண்டாட்டியும்.”

“அய்யோ!”

“பயப்படாதீங்க. உள்ள ரெண்டு பேரும் மூணு நாளைக்கப்புறம் இப்பத்தான் பேசிக்கறாங்க.”

இறங்குவதும் எளிதாக இல்லை. மேகம் தாழ்ந்திருந்தது. குறுக்குக் காற்று மூக்கை ஒரு பக்கமாகத் தள்ளியது. அவள் ஓட்டினாள், அவர் அட்டவணையும் சேட்டிலைட்டும் பார்த்து வாசித்தார். ஒரு வார்த்தை அதிகமில்லை. ஒரு வார்த்தை குறைவில்லை. எண்ணூறு அடியில் சாம்பல் கிழிந்து, நனைந்த ஓடுபாதையின் விளக்குகள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன.

“லைட் தெரியுது, நேரா முன்னால,” என்றார். சற்று விட்டு, விதிப்புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். “உன் லேண்டிங்கைப் பாத்து ரொம்ப நாளாச்சு.”

சக்கரங்கள் தரையைத் தொட்டது முதலில் அவளுக்கே தெரியவில்லை.

விமானத்தை நிறுத்தி, பயணிகள் இறங்கிய பிறகு இருவரும் குடையோடு கீழே போனார்கள். பொறியாளர் ஏணியில் நின்று இடப்பக்கத்துக் குழல்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் கிளறினார். உள்ளங்கையில் ஈரக் களிமண் உருண்டை விழுந்தது.

“குளவி,” என்றார். “ரெண்டு நாள் இந்தப் பக்கம் செவுத்துக்கு ஒட்டினாப்ல நின்னுதுல்ல வண்டி? குழல் மேல மாட்டற உறையையும் சரியா மாட்டல யாரோ. உள்ள தள்ளிக் கூடு கட்டியிருக்கு. வெளிய நின்னு டார்ச் அடிச்சாலும் தெரியாது. காஞ்ச மண்ணுக்குள்ள காத்து புகுந்துக்கிட்டு இருந்திருக்கும். மழைத்தண்ணி பட்டதும் ஊறி, உள்ள இருந்த காத்தோட சேர்த்து அடைச்சுக்கிச்சு. மேல ஏற ஏற வெளிக்காத்து குறையும், உள்ள மாட்டின காத்து வேகம் கூடற மாதிரி காட்டும்.”

“ரெண்டுலயுமா?” என்றார் கேப்டன்.

“ரெண்டும் ஒரே பக்கம்தானே சார். ஒரே குளவி, ஒரே மண்ணு. அதான் ரெண்டும் ஒத்து ஒத்துப் பொய் சொல்லியிருக்கு.” பொறியாளர் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு இருவருக்கும் பொதுவாக ஒரு சல்யூட் வைத்தார். “ரெண்டு முள்ளு ஒண்ணா நிக்கும்போது மூணாவதை நம்பறதுக்குத் தனி நெஞ்சு வேணும்.”

“நம்பினது நான் இல்லப்பா. இவ பாத்தா. நான் கொடுத்தேன், அவ்வளவுதான்,” என்றார் அவர்.

கொடுத்தேன், அவ்வளவுதான். அவ்வளவு சுலபமாகக் கொடுக்க எத்தனை பேருக்கு வரும்?

அறிக்கைகள் எழுதி முடித்து ஊழியர் ஓய்வறைக்கு வரும்போது மணி நாலே கால். நீளமான மேஜை, ஆறிய காபி, சுவரில் ஒரு கடிகாரம். ஓரத்தில் பெரியக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தாள். மிளகாய் தன் போனில் அந்த மெயிலைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில், ‘இந்த முறை இயலாது’ என்று எழுதி அனுப்பாமல் வைத்திருந்த வரி அப்படியே இருந்தது.

கணவர் வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அந்த வரியைத் தலைகீழாகவே படித்துவிட்டார். கையை நீட்டிப் போனைத் தொடவில்லை. தன் போனை எடுத்து மாமனாரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார்.

“மாப்பிள்ளை! வண்டி திரும்பி வந்துடுச்சாமே? டி.வி.ல ஓடுது. பிள்ளை எங்க?”

“பக்கத்துல இருக்கா மாமா. அவதான் ஓட்டிட்டு வந்தா. நல்லா இருக்கோம்.”

அப்பா மூச்சு விடுவது கேட்டது. மூக்கை உறிஞ்சுவதும். “ஹாரன் கூட இல்லாத வண்டி...” என்று ஏதோ முணுமுணுத்தார்.

“மாமா, அன்னைக்கு நாம ரெண்டு பேரும் ஒரே பதில் சொன்னோமே.”

“ஆமா. நல்லா யோசிச்சுத்தானே சொன்னோம்?”

“யோசிக்கல மாமா. பயந்தோம். அவ இல்லாம வீடு எப்படி ஓடும்னு உங்களுக்கும் பயம், எனக்கும் பயம். ஒரே பக்கம் இருந்ததால ரெண்டு பேருக்கும் ஒரே மண்ணு அடைச்சுக்கிச்சு. ஒத்துப்போச்சுன்னு சரின்னு நெனச்சுட்டேன்.”

“என்ன மண்ணு மாப்பிள்ளை? எனக்குப் புரியல.”

“வீட்டுக்கு வந்து சொல்றேன்.”

“புரியாட்டியும் பரவால்ல,” என்றார் அப்பா. “ஜுரத்துக்கு நான் இருக்கேன். முழிச்சுக்கிட்டு உக்கார எனக்குப் பழக்கம்தான். ஆனா அந்தத் தலைமயிர் சமாசாரம் உங்க பொறுப்பு.”

போன் வைக்கப்பட்டது. அவர் அவளைப் பார்த்தார்.

“நீ போ. ரோஸ்டர்ல எனக்கு ராத்திரி வீட்டுக்குத் திரும்பற பறப்பு மட்டும் போடச் சொல்லிக் கேக்கறேன். குட்டி, ஸ்கூல், ஜுரம், எல்லாம் சேர்த்துத்தான் சொல்றேன். வீட்டு கண்ட்ரோல் என்கிட்ட.”

இம்முறை கொடுக்க வேண்டியவள் அவள். கொடுப்பவர் சொல்லியாக வேண்டும்; இல்லாவிட்டால் இருவரும் பிடித்திருப்பார்கள். குட்டியின் இருமல் மருந்து எந்த அலமாரியில், எந்தச் சீருடை எந்தக் கிழமை, எந்தத் தோழியோடு சண்டை என்று எல்லாம் அவள் கையில் இருந்தது. இத்தனை நாள் அவர் விடவில்லை என்றுதான் கோபப்பட்டாள். விரல் விரலாகத் தன் கையைப் பிரிப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. கடிகாரம் நாலரையைத் தாண்டியது.

“கண்ட்ரோல் உங்ககிட்ட,” என்றாள் கடைசியில். அந்த வரியை அழித்துவிட்டு, ‘சம்மதம்’ என்று எழுதி அனுப்பினாள்.

“அப்பாடா,” என்றாள் மூலையிலிருந்து பெரியக்கா, கண்ணைத் திறக்காமலே. “இனிமே ‘சார்’ கிடையாதுல்ல?”

“கிடையாது.”

“அப்ப ரெண்டு கேப்டனா? ஒரு வீடு தாங்குமா?”

அவர் தன் கழுத்திலிருந்து அடையாள அட்டைக் கயிற்றைக் கழற்றினார். மனைவியுடையதைக் கேட்டு வாங்கினார். எழுந்து போய்ப் பெரியக்காவின் கயிற்றையும் கேட்டார். மூன்றையும் மேஜை விளிம்பில் காபிக் கோப்பையை வைத்து அழுத்தி, நுனிகளைக் குட்டியின் சடையைப் போலக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இப்ப சொல்லுங்கக்கா. முதல்ல எதை எதுக்கு மேல போடணும்?”

“இடது ஓரத்தை நடுவுக்கு மேல,” என்றாள் பெரியக்கா, எழுந்து உட்கார்ந்து.

அவர் விரல் இடது கயிற்றின் மேல் போய் நின்றது. எடுக்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

“இடப்பக்கம். சரியா பாரு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் குனிந்து பார்த்தாள். “இடப்பக்கம்,” என்றாள். “சரி.”